மத்யனின் நிழலும் மீதிக் கதையும்

திருமணம் தாமதமாகும் கவலைக்கு நம் துஆக் கையேடுகள் பலவும் எடுத்துக்காட்டுவது சூறா கஸஸின் 24ஆம் வசனம். யாழ்ப்பாணச் சோனகதெருவிலும் உம்மாமார் குமருப் பிள்ளைகளிடம், "இத ஓதிக்கொள்ளு மகள், அல்லாஹ் லேசாக்குவான்" என்பார்கள்.

அந்த ஆறுதலை நான் குறை சொல்லவில்லை. எகிப்திலிருந்து தப்பிவந்த நபி மூஸா (அலை), மத்யனில் இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டிவிட்டு, நிழலில் ஒதுங்கிக் கேட்ட துஆ அது. அதில் திருமணம் என்ற சொல்லே இல்லை; றப்பிடம் தன் தேவையைச் சொல்வது மட்டுமே உண்டு. வீடிழந்தவரின் துஆ என்பதால் நமக்கு அது இன்னும் நெருக்கம்.

என் குறை, கையேடுகள் அந்த வசனத்தோடு நின்றுவிடுவதுதான். அடுத்த வசனங்களில் பெண்ணின் தகப்பனார் எட்டு வருட உழைப்பைக் கேட்கிறார், மாப்பிள்ளை ஒப்புக்கொள்கிறார். கொடுப்பவர் மாப்பிள்ளை. பெண் வீட்டார் சீதனம் கொடுத்ததாக அங்கே பேச்சே இல்லை.

1990 ஒக்டோபர் 30இல் சில மணி நேர அவகாசத்தில் விரட்டப்பட்ட நம் சனம், பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த வீட்டையும் நகையையும் இழந்துதான் புத்தளம் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகும் சீதனம் கேட்கிற வாய் மூடவில்லை.

பிள்ளைக்குத் துஆவைக் கொடுக்கும் கையேடு, மீதிக் கதையை மாப்பிள்ளை வீட்டாருக்கும் அச்சிட்டுக் கொடுக்கட்டும்.