கை அறிந்த முகம்

1977-இல் கலையுலகம் பலரை இழந்தது. ஆகஸ்டு 16-இல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி; மூன்றாம் நாள் நகைச்சுவை நடிகர் குரூச்சோ மார்க்ஸ்; அக்டோபரில் பாடகர் பிங் கிராஸ்பி; கிறிஸ்து பிறப்பு நாளன்று சார்லி சாப்ளின். பெயர்களை வரிசைப்படுத்துவது மட்டும் அஞ்சலியாகாது. அவர்தம் படைப்பு நம்மிடம் கேட்பதற்குச் செவிசாய்ப்பதே அஞ்சலி.

சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' (1931) படத்தில், பார்வையற்ற பூக்காரி தனக்கு உதவும் நாடோடியைச் செல்வந்தன் என்றே நம்புகிறாள். அவன் தந்த பணத்தால் பார்வை பெற்றபின், கந்தலில் நிற்கும் அவனைக் கண்டு நகைக்கிறாள். இரங்கி நாணயம் கொடுக்கையில், தொட்ட கையே அவனை உணர்த்துகிறது. எம்மாவுச் சீடரும் உடன் நடந்தவரை அப்பம் பிட்கையில்தானே அறிந்தனர்!

அவள் அவனை ஏற்றாளா? படம் சொல்லவில்லை. இதனை வெறும் உருக்கம் என்போர், அவ்வினா நம்மை நோக்கியது என்பதை மறந்தனர். வாசலில் நிற்கும் ஏழைக்கு நாமும் நாணயம் தருகிறோம்; அவர் கையைத் தொடுகிறோமா?