சுண்டெலியின் காமாப் படம்: எவ்வளவு நம்பலாம்?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும்போது ஏலத் தோட்டங்களில் ஓங்கி நிற்கும் நிழல் மரங்களைக் காணலாம். வெயில் நேரத்தில் அவற்றின் அடியில் தரையைக் கவனியுங்கள். இலை இடுக்குகள் எந்த வடிவில் இருந்தாலும், தரையில் விழும் ஒளித் திட்டுகளில் பல வட்டமாகவே இருக்கும். அவை இடுக்குகளின் வடிவங்கள் அல்ல, சூரியனின் பிம்பங்கள். புதிய கதிர்மருந்துகளைச் சுண்டெலிகளில் சோதிக்கும் காமா காமிராவும் இதே ஊசித்துளைத் தத்துவத்தில்தான் இயங்குகிறது.

காமாக் கதிரைக் கண்ணாடி வில்லையால் குவிக்க இயலாது. ஆகவே காரீயத்திலோ டங்ஸ்டனிலோ சிறு துளையிட்டு, அதன் வழியே வரும் கதிர்களைச் சோடியம் அயோடைடு படிகத்தில் விழச் செய்கிறார்கள். இக்காமிராவை 1950-களில் அமெரிக்காவின் பெர்க்லியில் உருவாக்கியவர் ஹால் ஆங்கர். மருந்துடன் பெரும்பாலும் இணைக்கப்படும் டெக்னீஷியம்-99எம் 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமாக் கதிரை வெளியிடுகிறது. அதன் அரை ஆயுள் 6 மணி. நம் நாட்டில் டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் கதிர்மருந்துகளை உருவாக்கி வருகிறது. நவி மும்பை கார்கரில், டாட்டா நினைவு மையத்தைச் சேர்ந்த ஆக்ட்ரெக் நிலையத்தில் சிறு விலங்குகளைப் படமெடுக்கும் வசதி உண்டு.

இம்முறையின் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்வோம். முன்பெல்லாம் மருந்து எந்த உறுப்பில் சேர்ந்தது என அறிய, குறித்த நேரங்களில் எலிகளைக் கொன்று உறுப்புகளை எடுத்து அளக்க வேண்டும். நான்கு நேரங்கள், நேரத்துக்கு ஐந்து எலிகள் என்றால் 20 உயிர்கள். காமிராவிலோ அதே ஐந்து எலிகளை நான்கு முறை பார்க்கலாம்.

ஆனால் படம் சொல்வதை அப்படியே ஏற்கலாமா? ஒரு கணக்குப் போடுவோம். துளையின் விட்டம் 1 மி.மீ., எலி 3 செ.மீ. முன்னே, படிகம் 15 செ.மீ. பின்னே. உருப்பெருக்கம் 5. படிகத்தின் சொந்தப் பகுதிறன் 3.5 மி.மீ. ஆயினும், உருப்பெருக்கத்தால் மொத்தப் பகுதிறன் ஏறத்தாழ 1.4 மி.மீ. ஆகிறது. நல்ல ஆதாயம்தான். விலை என்ன? வெளிப்படும் 14,400 கதிர்களில் ஒன்றே துளை வழியே நுழைகிறது. துளையைப் பாதியாக்கினால் பகுதிறன் 0.9 மி.மீ. ஆகும், கதிர்களோ நான்கில் ஒரு பங்காகக் குறையும். இழப்பை ஈடுகட்ட அதிகக் கதிரியக்கம் செலுத்த வேண்டும். அல்லது எலியை நீண்ட நேரம் மயக்கத்தில் வைக்க வேண்டும். இரண்டுமே அதன் உடலியக்கத்தைப் பாதிக்கக்கூடும்.

இதைவிடப் பெரிய குறை வேறொன்று. ஓர் உறுப்பு துளைக்கு 5 மி.மீ. நெருங்கி 2.5 செ.மீ. தொலைவில் இருந்தால், அதே அளவு மருந்திலிருந்து 44 விழுக்காடு அதிகக் கதிர்கள் பதிவாகும். படத்தின் பிரகாசம் மருந்தின் அளவு ஆகாது! மேலும், பகுதிறனுக்கு நெருங்கிய சிறு கட்டி உள்ளதைவிட மங்கலாகவே தெரியும். படத்திலுள்ள சிவப்பும் மஞ்சளும் கணிப்பொறி இட்ட வண்ணங்கள்.

இது வெறும் கணக்கு விவகாரம் அன்று. லுட்டீஷியம்-177 போன்ற சிகிச்சை மருந்துகளில் சிறுநீரகம் பெறும் கதிரளவு முக்கியமானது. எலியில் அதைக் குறைவாக மதிப்பிட்டால், அந்தப் பிழை நோயாளிவரை செல்லக்கூடும்.

ஆகவே இத்தகைய படத்தைப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். ஆழத்துக்குத் திருத்தம் செய்தார்களா? கதிரியக்கம் தெரிந்த மாதிரிப் பொருளைக்கொண்டு காமிராவை அளவீடு செய்தார்களா? சில எலிகளிலாவது உறுப்புகளை நேரடியாக அளந்து ஒப்பிட்டார்களா? மூன்றுக்கும் விடை இருந்தால் அது அளவை; இல்லையேல் அழகிய சித்திரம் மட்டுமே.