பெல்ட்டும் வெண்ணெய்த் தட்டும்

பழைய குத்துச்சண்டைப் பொருள்களைச் சேகரிப்பவர்கள் கையுறையையும் நுழைவுச்சீட்டையும் மட்டும் சேர்ப்பதில்லை. யாருடைய உடலை நினைவில் வைக்கலாம் என்பதையும் அவர்களே தீர்மானிக்கிறார்கள். 1910 ஜூலை 4 அன்று ரீனோவில் ஜெஃப்ரீஸை ஜாக் ஜான்சன் வீழ்த்தினார். அந்த ஆட்டத்தின் துண்டுக்காகிதம்கூட நிறவெறிக்கு எதிரான சாட்சிதான். அதைப் பாதுகாப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 1887இல் ஜான் சலிவனுக்கு பாஸ்டனில் வைரம் பதித்த பெல்ட் கிடைத்தது. 1876இல் நியூயார்க் மேடையில் ரோஸ் ஹார்லாண்டை வென்ற நெல் சாண்டர்ஸுக்குக் கிடைத்ததோ வெள்ளி வெண்ணெய்த் தட்டு. குத்திச் செயித்தாலும் உன் இடம் அடுக்களை என்று அந்தப் பரிசே சொல்லிவிடுகிறது.

இது அயல்நாட்டுக் கதை மட்டுமல்ல. ஜவ்வாது மலையை ஒட்டிய செங்கம் வட்டார நடுகற்களை, சண்டைக்காரர்களுக்கு நம் ஊர் வைத்த முதல் நினைவுப்பொருள்கள் என்றே நான் வாசிக்கிறேன். பல்லவர் காலத்து எடுத்தனூர் நடுகல்லில் வீரனின் பெயர் இருக்கிறது. அவனுடன் நின்ற நாய்க்கும் கோவிவன் என்று பெயர் இருக்கிறது. அவனுக்காக அழுத பெண்ணுக்குப் பெயர் இல்லை. நாயின் விசுவாசம் கல்வெட்டில் ஏறியது. பெண்ணின் இழப்பு ஏறவில்லை.

வடசென்னைக் குத்துச்சண்டையின் நினைவும் இப்படித்தான் சேகரமாகிறது. 1980இல் முகமது அலி சென்னை வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சி ஆட்டம் ஆடியதை இன்றும் கொண்டாடுகிறோம். 2021இல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’ பரம்பரைகளின் பெருமையை அழகாக மீட்டது. அதில் கணவனைப் பறிகொடுத்த பாக்கியமும், கபிலனின் வீழ்ச்சியைச் சுமக்கும் மாரியம்மாவும் ரிங்குக்கு வெளியே நிற்கிறார்கள். படம் அவர்களைப் பேச விடுகிறது, அது பெரிது. ஆனாலும் அவர்களின் கோபம் அவன் வெற்றியில் கரைந்துவிட வேண்டியிருக்கிறது.

ஒலிம்பிக் ரிங் பெண்களுக்குத் திறந்தது 2012இல்தான். அதற்கு முன்பே குத்திய பெண்களின் கையுறைகள் எங்கே? வீங்கிய முகத்துக்கு ஒத்தடம் கொடுத்த துணி, ஆட்டத்துக்குப் போன கூலி, அடகுக்குப் போன தாலி ஆகியவற்றின் கணக்கு எங்கே? சேகரிப்பாளர்கள் அடுத்த முறை ஒரு வீரரின் வீட்டுக்குப் போகும்போது, அந்த வீட்டுப் பெண்களிடமும் உட்கார்ந்து கேட்கட்டும். சொன்னவளின் பெயரையும் எழுதிக்கொள்ளட்டும்.