உரைகல் முதல் நாக்கு வரை

விழுப்புரம், திண்டிவனம் கடைவீதிகளில் ஏதாவது ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய் "பிள்ளை மருந்து குடுங்க" என்றால், கடைக்காரர் மறுபேச்சு இல்லாமல் பொட்டலம் கட்டிவிடுவார். வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுக்கு, பெருங்காயம். சில கடைகளில் அதிமதுரமும் அக்கரகாரமும் சேரும். பச்சைக் குழந்தை காலை வயிற்றோடு மடக்கி, முகம் சிவக்க முறுக்கி அழும்போது, வீட்டு ஆயா உரைகல்லை எடுக்கிறார். தாய்ப்பாலிலோ வெந்நீரிலோ இவற்றை இழைத்து நாக்கில் தடவுகிறார். வசம்பை விளக்கெண்ணெயில் தோய்த்துச் சுடரில் கருக்கி, அந்தக் கரியைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போடுவதும் உண்டு. வாயு, உப்புசம், மாந்தம் என்று பெயர் எதுவானாலும் கை போவது அந்தக் கல்லுக்குத்தான்.

அதே குழந்தை பிறந்தது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி, திண்டிவனம் அரசு மருத்துவமனை, சிக்கல் என்றால் புதுச்சேரி ஜிப்மர். அரசு மருத்துவத்தின் பாடம் எங்கும் ஒன்றுதான்: முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2001 முதல் சொல்லிவருவதும் இதையே. ஆனால் 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் ஏறக்குறைய 55 சதவீதம். சுவரொட்டி சொல்வதும் வீடு செய்வதும் வேறு வேறாக இருக்கின்றன.

உரை மருந்தை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்களும், முன்னோர் அறிவு என்று தூக்கிப் பிடிக்கிறவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: இருவருமே அதை ஒரே பொருளாக நினைக்கிறார்கள். உண்மையில் அதில் பல செயல்கள் கலந்திருக்கின்றன. மடியில் கிடத்துவது, வயிற்றை நீவுவது, வெளியே பற்றுப் போடுவது, நாக்கில் தடவுவது, தாய்க்குப் பத்தியம் வைப்பது எல்லாம் ஒரே சரட்டில் வருகின்றன. பிரித்துப் பார்த்தால், குழந்தையின் உதட்டுக்கு வெளியே நடப்பவற்றில் பெரும்பகுதி நல்லது. உதட்டைத் தாண்டி உள்ளே போவதில் பெரும்பகுதி தேவையற்றது, சில ஆபத்தும்கூட.

முதலில் அந்த அழுகையைப் பார்க்க வேண்டும். 1954-இல் வெசல் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் அளவுகோல் வைத்தார்கள்: நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் அது 'கோலிக்'. இந்த அழுகை பிறந்த இரண்டாவது வாரத்தில் தலைகாட்டி, ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். பெரும்பாலும் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் ஆரம்பிக்கும். வாயுதான் காரணமா என்பதே சந்தேகம். வீறிட்டு அழுகிற குழந்தை காற்றை விழுங்குகிறது, அதனால் வயிறு உப்புகிறது, நாம் உப்பிய வயிற்றைப் பார்த்து அழுகைக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கிறோம்.

தானாக அடங்கும் எந்த நோய்க்கும் மருந்தாவது சுலபம். ஆறாவது வாரத்தில் பொறுமை இழந்து எதைக் கொடுத்தாலும் பத்தாவது வாரத்தில் அழுகை குறைந்திருக்கும். அந்தப் பெருமை கடைசியாகக் கொடுத்த பொருளுக்குப் போய்ச் சேரும். உரை மருந்தின் பேரில் ஆயாக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையில் பாதி இப்படி வந்ததுதான். மருந்துக் கடைச் சொட்டு மருந்தின் பேரில் படித்த பெற்றோர் வைத்திருக்கும் நம்பிக்கையும் அப்படி வந்ததுதான். இதைச் சொல்லாமல் ஆயாவை மட்டும் குறை சொல்வது நேர்மையல்ல.

உரைகல்லுக்கென்று ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. பொடித்துக் கரண்டியில் அள்ளினால் அளவு தவறும். கல்லில் இழைத்தால் மாதத்துக்கு இத்தனை சுற்று என்று கணக்கு வைக்கலாம், ஜாதிக்காயைப் பாதிச் சுற்றோடு நிறுத்தலாம். தராசு இல்லாத வீட்டில் அந்தக் கல்லே தராசு. ஜாதிக்காய் அதிகம் போனால் குழந்தை மயங்கிக் கிடக்கும் என்று ஆயாக்களுக்குத் தெரியும். அதனால்தான் அதற்கு மட்டும் கை சுருங்குகிறது. பொருள் வீரியமானது என்பதை ஒப்புக்கொள்கிற பழக்கம் இது. கடையில் பாட்டில் வாங்கி மூடியில் ஊற்றுகிற பழக்கத்துக்கு அந்த எச்சரிக்கை உணர்வு கிடையாது.

ஆனால் கை எவ்வளவு கவனமாக இருந்தாலும் பொருளின் குணம் மாறாது. வசம்பின் இந்திய வகையில் பீட்டா-அசரோன் என்ற வேதிப்பொருள் அதிகம். அது எலிகளுக்குக் குடலில் கட்டிகளை உண்டாக்கியதால், 1968-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. ஒரு சுற்று இழைத்த வசம்பால் ஒரு குழந்தைக்கு அந்தக் கதி வரும் என்று சொல்வது மிகை. ஆனால் கல்லீரல் முழுதாக வேலையைத் தொடங்காத, மூன்று கிலோகூடத் தேறாத உடம்புக்கு அதைத் தினமும் கொடுக்க ஒரு காரணம் வேண்டுமல்லவா? வசம்பு வளையல் என்று மணிக்கட்டில் கட்டிவிடுகிறார்களே, அது இன்னொரு வாசல். கையை வாயில் வைக்கிற வயதில் குழந்தை நாள் முழுக்க அதைச் சப்பும். அங்கே சுற்றுக் கணக்கு ஏது?

பெருங்காயத்தின் விஷயம் இன்னும் தெளிவு. வயிற்று வலிக்கென்று கிளிசரினில் கரைத்த பெருங்காயம் கொடுக்கப்பட்ட ஒரு சின்னக் குழந்தைக்கு, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்த நிலை ஏற்பட்டதை 1984-இல் அமெரிக்காவின் 'பீடியாட்ரிக்ஸ்' இதழ் பதிவு செய்தது. கைக்குழந்தையின் ரத்தம் பெரியவர்களுடையதைவிட எளிதில் இப்படிக் கெடும். அதே பெருங்காயத்தை வெந்நீரில் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் போடுவதில் அவ்வளவு அபாயம் இல்லை. கொடி விழுந்து தொப்புள் ஆறாமல் இருக்கும்போது மட்டும் எதையும் அதன் பக்கம் கொண்டுபோகக் கூடாது. ஒரே பொருள், உதட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விதம், அந்தப் பக்கம் வேறு விதம். தேனில் இழைத்துக் கொடுக்கும் வீடுகளுக்கு இன்னொரு செய்தி: தேனில் தங்கும் ஒருவகைக் கிருமியின் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து உடம்பைத் தளர்த்திவிடும் என்பதால், ஒரு வயது வரை தேன் ஆகவே ஆகாது. கல்லைக் கழுவாமல் மாடத்தில் வைத்து மறுநாள் அப்படியே இழைப்பது பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

விளக்கெண்ணெயை இந்த ஊர்க்காரர்களிடம் குறைத்துப் பேச முடியாது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ஆமணக்கு, நிலக்கடலை ரகங்கள் டி.எம்.வி. என்று ஊர்ப் பெயரையே சுமக்கின்றன. உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து, குழந்தையின் வயிற்றில் வலஞ்சுழியாக நீவும் எண்ணெயில் குற்றமில்லை. குற்றம், தலைக்கு ஊற்றிய பிறகு மூக்கிலும் தொண்டையிலும் ரெண்டு சொட்டு விட்டு ஊதுவதில். தென்னிந்தியக் குழந்தைகளின் நுரையீரலில் எண்ணெய் புகுந்து நிமோனியா வந்ததைப் பற்றி 1973-இலேயே 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' ஒரு கட்டுரை வெளியிட்டது. ஐம்பது ஆண்டு கடந்தும் அந்தச் சொட்டு நிற்கவில்லை.

சரி, கல்லை வைத்துவிட்டு நாகரிகமான வழிக்குப் போவோம் என்றால், அங்கும் கதை இதுதான். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் 1851-இல் உருவாக்கிய கிரைப் வாட்டர், சதுப்பு நிலக் காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்திலிருந்து பிறந்தது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, கூடவே கொஞ்சம் சாராயம். குழந்தை சட்டென்று அடங்கியதில் அதிசயம் என்ன? பிரிட்டனில் சாராயம் நீங்கியது 1990-களில்தான். இனிப்பு மட்டும் நாக்கில் பட்டாலே பிறந்த குழந்தையின் அழுகை சில நிமிடம் நிற்கும் என்பது ஆய்வில் கண்ட உண்மை. அது தீர்வல்ல, இடைவேளை. இன்று மருத்துவர் எழுதித் தரும் சைமெத்திகோன் சொட்டு மருந்தோ, 1994-இல் வெளியான ஆய்வில் வெற்றுத் திரவத்தைவிட ஒரு படிகூட மேலே நிற்கவில்லை. தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் வரவைக்கும் பழக்கத்தைக்கூடச் சண்டிகரில் 71 தாய்-சேய் ஜோடிகளிடம் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். கோலிக் குறையவில்லை, பால் கக்குவதுதான் கூடியது. சோம்பு எண்ணெய்க் கரைசலுக்கு ரஷ்யாவில் 2003-இல் ஓரளவு பலன் தெரிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்: கொடுத்த குழந்தைகளில் 65 சதவீதத்துக்கும் கொடுக்காதவற்றில் 24 சதவீதத்துக்கும் கோலிக் நீங்கியது. ஓமம், சோம்பு என்று கை நீட்டிய ஆயாக்கள் முழு முட்டாள்கள் அல்ல. ஆனால் அளந்து தயாரித்த கரைசலும் நம் அடுப்பில் கொதிக்கும் சோம்புத் தண்ணீரும் ஒன்றல்ல. தண்ணீர் நிரம்பிய வயிற்றில் பாலுக்கு இடம் குறையும்.

என் கோபமெல்லாம் பத்தியத்தின் மேல். மற்றவற்றில் குழந்தைக்கு ஒரு சொட்டு. இதில் தாயின் முழுச் சாப்பாடும் போகிறது. பருப்பு வாயு, உருளைக்கிழங்கு வாயு, பயறு வாயு, தண்ணீர் குடித்தால் பிள்ளைக்குச் சளி என்று அடுக்கி, பிரசவித்த உடம்பைக் காயப்போடுகிறார்கள். தாயின் குடலில் உண்டாகும் வாயு ரத்தத்தில் ஏறிப் பாலில் இறங்குவதில்லை. பசும்பால் புரதம் ஒவ்வாத சில குழந்தைகளுக்கு மட்டும் தாய் பால் பொருள்களை நிறுத்திப் பார்ப்பதில் பயன் உண்டு. அதையும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். பத்தியத்துக்குள்ளும் நல்லது இல்லாமல் இல்லை. மரக்காணம் பக்கத்திலிருந்து வரும் பால்சுறாவைப் புட்டாக்கிப் போடுவதும், பூண்டுக் குழம்பும் அவளுக்குப் புரதமும் ருசியும் தருகின்றன. விலக்குகிற பட்டியல்தான் நீளம். அதைவிடக் கொடுமை, குழந்தை ராத்திரி அழுதால் "நீ என்னத்தைத் தின்ன?" என்று காலையில் எழும் விசாரணை. தூங்காத ஒருத்தியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால் எந்தக் குழந்தையின் வயிறும் இளகுவதில்லை.

அரசாங்கமாவது ஒரே குரலில் பேசுகிறதா என்றால், இல்லை. ஒரு கை ஆறு மாதம் எதுவும் தராதே என்கிறது. இன்னொரு கை, கர்ப்பிணிகளுக்கான 'மகப்பேறு சஞ்சீவி' என்ற சித்த மருந்துப் பெட்டகத்தில் குழந்தைக்கு உரை மாத்திரையையும் வைக்கிறது. சித்த மருத்துவர்கள் சுத்தி செய்த சரக்கு, அளவெடுத்த மாத்திரை என்று வாதிடுவார்கள். கடைவீதிப் பொட்டலத்தைவிட அது மேல் என்பதில் தடையில்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இரண்டு பேச்சும் ஒரே அரசின் பேச்சு. அவள் தனக்குத் தோதானதைக் கேட்டுக்கொள்கிறாள்.

உதட்டுக்கு வெளியே என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தால், நிறையவே மிஞ்சுகிறது. கால் நீட்டி உட்கார்ந்து, முழங்கால் இடுக்கில் குழந்தையைக் கிடத்தி, இரண்டு காலையும் வயிறுவரை மடக்கி மடக்கி நீட்டும் ஆயாவிடம் எந்தப் பிசியோதெரபி புத்தகமும் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விழித்திருக்கையில் முன்கையில் குப்புறத் தாங்கி நடப்பதும் அப்படித்தான். ஜப்பானில் 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, அழும் குழந்தையை ஐந்து நிமிடம் தூக்கி நடந்து, பிறகு ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியிலேயே வைத்திருந்து, அதன் பின் கிடத்தினால் தூக்கம் கலையாது என்றது. "தூங்கிடுச்சுன்னு உடனே கீழ போடாத" என்று நம் வீடுகளில் சொல்வதும் இதுதான். 1986-இல் கனடாவில், சாதாரணக் குழந்தைகளைக் கூடுதல் நேரம் தூக்கி வைத்திருந்தபோது ஆறாவது வாரத்தில் அழுகை 43 சதவீதம் குறைந்தது. ஏற்கெனவே கோலிக் வந்துவிட்ட குழந்தைகளிடம் அதே வழி பின்னால் எடுபடவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. தொடுதலும் மந்திரமல்ல. ஆனால் அதில் பக்க விளைவு இல்லை. தாய் ஒரு மணி நேரம் தூங்கலாம் என்ற பக்க லாபம் உண்டு.

வெளியே நடப்பது எல்லாமே சரி என்று அர்த்தமில்லை. 'உரம் விழுந்திருக்கு' என்று சேலையில் போட்டு இருவர் இரு முனையைப் பிடித்து உருட்டுவதில், கழுத்து நிற்காத குழந்தையின் தலை என்ன பாடுபடும்? தொக்கம் எடுக்கிறேன் என்று வாய் வைத்து உறிஞ்சுவதையும், வயிற்றில் சூடு போடுவதையும் எந்தப் பாரம்பரியத்தின் பெயராலும் காப்பாற்ற முடியாது.

இந்தப் பழக்கத்தின் மிகப் பெரிய குறை இவை எதுவுமல்ல. எல்லா அழுகைக்கும் அதனிடம் ஒரே பதில் தயாராக இருக்கிறது. பச்சையாக வாந்தி எடுக்கும் குழந்தைக்குக் குடல் முறுக்கியிருக்கலாம். மலத்தில் ரத்தம், தட்டினால் கல்லாக இருக்கும் வயிறு, இடுப்பு மடிப்பில் புடைப்பு, 100.4 டிகிரி காய்ச்சல், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது ஆகியவற்றில் எதுவும் மாந்தம் அல்ல. உரைகல்லில் இன்னும் ஒரு சுற்று இழைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் 108-ஐ அழைத்திருக்க வேண்டும். கோலிக் குழந்தை அழுகை ஓய்ந்ததும் நன்றாகப் பால் குடிக்கும், எடை ஏறும். அந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தெரிந்த கண்தான் வீட்டில் வேண்டும்.

பிறந்த குழந்தையை வீடு தேடி வந்து பார்க்க ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பிறந்தால் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வர வேண்டும். அழுகை உச்சத்தில் இருக்கும் ஆறாவது வாரமும் அந்த 42-ஆம் நாளும் ஒன்றாக வந்து சேர்கின்றன. அதோடு இந்தத் திட்டத்தின் வருகை முடிந்தும்விடுகிறது. அன்றைக்குத் தாயிடம் எடை, தடுப்பூசி, தாய்ப்பால் என்று பேசிவிட்டு எழுவதற்கு முன், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆயாவைக் கூப்பிட்டு, "வயித்துல நீவுற எண்ணெயை நிறுத்தாதீங்க, நாக்குல தடவுறத மட்டும் நிறுத்துங்க, இது இன்னும் ஆறேழு வாரத்துல தானா போயிடும்" என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். கல் அவர் கையில்தான் இருக்கிறது. மருமகளிடம் சொல்லி அனுப்பினால் அது அவரிடம் போய்ச் சேராது.