சாட்டைக்கு நடுவே ஒரு குரல்

வானொலியில் ‘பட்டத்து ராணி’ வந்தால் அம்மா சத்தத்தைக் குறைத்துவிடுவார். சாட்டைச் சத்தம் அவருக்குப் பிரச்சினை இல்லை, அதையொட்டி வரும் அந்த முனகல்தான் பிரச்சினை. அடி விழுவதைக் கேட்கலாம், அடிபடுகிறவள் வாய்விட்டு மூச்சு வாங்குவதைத்தான் கேட்கக் கூடாது. எங்கள் வீட்டில் மட்டுமா இந்தச் சட்டம்?

1969இல் வந்த ‘சிவந்த மண்’ படப் பாட்டு. கண்ணதாசன் எழுத, எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் எல்.ஆர். ஈஸ்வரி பாடியது. பாடுகிறவரின் மூச்சு கேட்கக் கூடாது என்பது ஒலிப்பதிவின் பாலபாடம். வரிகளுக்கு நடுவே மூச்சைத் திருடிக்கொள்ள வேண்டும். இந்தப் பாட்டில் மூச்சு ஒரு வாத்தியம். சாட்டை சொடுக்கும்போது, வலியா கிறக்கமா என்று பிரிக்க முடியாத ஓர் ஒலி ஈஸ்வரியின் தொண்டையிலிருந்து எழுந்து தாளத்துக்குள் உட்கார்ந்துகொள்கிறது. அடுத்த வரியைச் சுருதி பிசகாமல் பிடிக்கிறார். திரையில் சிவாஜி சொடுக்க, காஞ்சனா ஆடுகிறார். ஆணுக்கு இதில் பாட ஒரு வரிகூட இல்லை. சாட்டைதான் அவர் பங்கு.

இதே படத்தில் இதே காஞ்சனா காதலிக்கிறபோது, ‘ஒரு நாளிலே’ பாட்டிலும் ‘ஒரு ராஜா ராணியிடம்’ பாட்டிலும், அவருக்கு வாய்த்தது பி. சுசீலாவின் குரல். உடம்பு ஒன்றுதான். கொஞ்சலுக்கு ஒரு குரல், அடிக்கு இன்னொன்று. ‘பாட்டுக்குப் பொருத்தமான குரல்’ என்று இதைச் சொல்லி முடித்துவிடுவார்கள். நாயகியின் குரல் கறைபடாமல் இருக்க, வலியையும் வேட்கையையும் ஈஸ்வரியின் கணக்கில் எழுதினார்கள் என்றே நான் வாசிக்கிறேன். (ஆடி மாதம் ஒலிபெருக்கியில் ‘செல்லாத்தா’ பாடும் அதே குரல். அப்போது அம்மா சத்தத்தைக் குறைத்ததில்லை.)

எனக்கு இந்தப் பாட்டு பிடிக்கும். அதுதான் என் சிக்கல். அடிபடுகிறவள் தன்னை ராணி என்று பாடுகிறாள், அதுவே சாட்டைக்குப் பதில் என்று ஒரு தோழி வாதிடுவாள். அந்தக் குரலில் கெஞ்சல் துளியும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த சொடுக்கு எப்போது விழும் என்று என் காது தாளம் எண்ணிக் காத்திருக்கிறதே. ஒரு சுற்றில் அது விழாமல் போனால், பாட்டில் ஏதோ குறைகிறது என்றுதான் எனக்கும் தோன்றும்.