கொட்டகைக்கு வந்த கடோத்கஜன்

பிறந்தநாளுக்கு முதியோர் இல்லத்தில் சாப்பாடு போடுகிறவர்கள் நிறைய. அங்கே ஒரு மாலையைச் சிரிப்பால் நிரப்புவது தனிக் கலை. அதற்கு ஒரு ‘தீம்’ வேண்டும்.

ராயக்கோட்டைப் பக்கத்துக்கு, கொட்டகை கட்டிப் படம் காட்டும் டூரிங் டாக்கீஸ் அருமையாகப் பொருந்தும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் வட்டாரம் இது. 1957-இல் கே.வி. ரெட்டி ‘மாயா பஜார்’ படத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்தார். அபிமன்யு தமிழில் ஜெமினி கணேசன், தெலுங்கில் நாகேஸ்வர ராவ். கடோத்கஜன் இரண்டிலும் எஸ்.வி. ரங்காராவ்தான்! கல்யாண விருந்தை அவர் ஒற்றை ஆளாகத் தின்று தீர்க்கும் காட்சிக்கு மொழியே தேவையில்லை. கன்னடத்துப் பாட்டிக்கு பி.பி. ஸ்ரீநிவாஸின் பாட்டுகள் இருக்கின்றன; கன்னட நடிகர் ராஜ்குமாருக்கும் ஜெமினிக்கும் பின்னணிக் குரல் கொடுத்தவர் அவர். வாசலில் காகித டிக்கெட், ஒரு அட்டைக் கதாயுதம் போதும். அதை முதலில் ஒரு தாத்தா கையில் கொடுக்க வேண்டும். பார்க்க வந்தவரை நடிக்க வைப்பதில்தான் நயம்.

இது வெறும் பொழுதுபோக்கல்ல. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 35 பராமரிப்பு இல்லங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒரு பகுதிக்கு மட்டும் நகைச்சுவைக் கலைஞர்களை வாராவாரம் அனுப்பி, மற்றவற்றோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2013-இல் வெளியாயின. மனச்சோர்வு குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனால் இல்லவாசிகளின் பரபரப்பும் கிளர்ச்சியும் தணிந்தன.

அந்தக் கலைஞர்கள் ஒருநாள் வந்து போனவர்கள் அல்லர். இல்லத்துப் பணியாளர் ஒருவருக்கும் பயிற்சி கொடுத்து, சிரிப்பைத் தொடரச் செய்தார்கள்.

சாப்பாடு போடப் போகிறவர்களே, இலை எடுத்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் கொட்டகை கட்டுங்கள். அடுத்த வாரமும் போங்கள்.