சாயம் விழும் இடமும் செல்லின் விதியும்

ராயகிரி வயலில் நண்பகல் வெயில் ஏறும்போது, நெல் இலையிலுள்ள பச்சையத்தால் தான் வாங்கிய ஒளி முழுவதையும் செலவழிக்க முடிவதில்லை. மிஞ்சும் ஆற்றலில் ஒரு பகுதி ஆக்சிஜனுக்குப் போய், அதைச் சிங்லெட் ஆக்சிஜன் என்ற வினைமிகு வடிவமாக்குகிறது. அருகிலிருக்கும் கொழுப்பையும் புரதத்தையும் அது தாக்கும். இந்த வேதியியலையே ஆய்வாளர்கள் கருவியாக்கிக்கொண்டார்கள். மெத்திலீன் ப்ளூ போன்ற சாயத்தைச் செல்களில் ஏற்றி விளக்கைப் போட்டால் சிங்லெட் ஆக்சிஜன் பிறக்கும்; அணைத்தால் நின்றுவிடும்.

செல்கள்மீது ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றிச் செய்யும் சோதனையில், இப்படி நினைத்தபோது தொடங்கி நிறுத்தும் பிடி கிடைக்காது. சிங்லெட் ஆக்சிஜன் நீரில் சில மைக்ரோவினாடிகளே வாழ்வதால், பிறந்த இடத்தை விட்டு அதிகம் நகராது; சாயம் இருக்கும் இடத்தருகேதான் தாக்கும். சாயம் ஏற்றாமலே ஒளியால் இதைத் தூண்டும் வழியும் உண்டு. சூரிச்சில் கிளாஸ் ஆப்பெல் குழு ஆராய்ந்த 'ஃப்ளூ' என்ற மரபணு பழுதான அரபிடாப்சிஸ் செடி, பச்சையத்தின் முன்னோடிப் பொருளை இருளில் தேக்கிவைக்கும். வெளிச்சத்துக்கு வந்ததும் சிங்லெட் ஆக்சிஜன் பெருகி நாற்று சாகும். எக்ஸிகியூட்டர்1 என்ற மரபணுவும் பழுதான நாற்றுகளோ, அதே அளவு சிங்லெட் ஆக்சிஜன் உண்டாகியும் பிழைத்தன. 2004இல் வெளிவந்த இந்த முடிவு, அந்தச் சாவு வெறும் நச்சுச் சிதைவு அல்ல, செல் ஒரு சமிக்ஞைக்குக் கீழ்ப்படிந்ததன் விளைவு என்று காட்டியது. இதற்காகவே ஒளியால் இயக்கும் இம்முறையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அளவு என்று வரும்போதுதான் தடுமாற்றம். சாயத்துக்குப் பதிலாகச் செல் தானே தயாரிக்கும் மினிசாக் என்ற புரதம் 2011இல் அறிமுகமானபோது, அதன் சிங்லெட் ஆக்சிஜன் விளைதிறன் 0.47 என்றார்கள். 2013இல் நேரடியாக அளந்தபோது கிடைத்தது 0.03. அது எலக்ட்ரானையும் கைமாற்றுவதால் வேறுவகை ஆக்சிஜன் வடிவங்களும் கலக்கின்றன. அப்படியிருக்க, எல்லாவற்றையும் 'வினைமிகு ஆக்சிஜன்' என்ற ஒரே பெயரில் எழுதிவிடுவது பெரிய குறை. மெத்திலீன் ப்ளூவும் இருட்டில் சும்மா இருப்பதில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் எலக்ட்ரான் ஓட்டத்திலேயே தலையிடும். மினிசாக்கைத் தூண்டும் நீல ஒளியோ சாயமே இல்லாத செல்லையும் பாதிக்கும். ஒளியில்லாச் சாயம், சாயமில்லா ஒளி என்ற இரண்டு ஒப்பீடுகளும் இல்லாத ஆய்வை என்னால் நம்ப முடியாது.

இன்னொன்று, ஒளியின் அளவு. ஆய்வகத்து அரபிடாப்சிஸ் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு நொடிக்கு 100 முதல் 150 மைக்ரோமோல் ஃபோட்டான் ஒளியில் வளர்கிறது. திறந்த வயலின் உச்சிவெயில் 2000ஐ நெருங்கும். அந்த வெயிலில் மாதக்கணக்கில் நிற்கும் நெல்லும் அதே சமிக்ஞைக்குத்தான் கீழ்ப்படிகிறதா என்பதை நெல்லில்தான் சோதிக்க வேண்டும்.